லயத்து நத்தார்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் தோட்டத்தில் விடியற்காலை பஜனைக்காரர்களுக்கு, முன்னிரவு கரோல்காரர்களுக்கு. இடைப்பட்ட நேரமெல்லாம் கீழே ரோட்டில் சிவனொளிபாதமலைக்குப் போகிற பஸ்கள் முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கும். உந்துவப் பௌர்ணமியோடு தொடங்குகிற யாத்திரைக் காலம் வெசாக் வரைக்கும் நீளும். பஜனைக்கும் கரோலுக்கும் டோலக் வாசிப்பவர் எங்கள் மேல் லயத்தில் ஒரே ஆள்தான், மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருக்கிறவர். காலையில் திருவெம்பாவைக்கு அடித்த கையால் இரவில் பாலன் பிறப்புப் பாட்டுக்கும் அடிப்பார். அவரை யாரும் போய்க் கூப்பிடுவதில்லை. கரோல் புறப்படுகிற நேரத்துக்குத் தோளில் டோலக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு தானே வந்து நிற்பார்.

நான் இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவில் உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துப் பாடசாலையிலேயே படிப்பித்து ஓய்வுபெற்றவள். கத்தோலிக்கக் குடும்பம். தாத்தாவைச் சிறு பையனாகத் திருச்சிக்குப் பக்கத்தில் புள்ளம்பாடிப் பகுதியிலிருந்து அவருடைய அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். நத்தார், அதாவது கிறிஸ்மஸ், காலம் வந்தால் வானொலியிலும் பத்திரிகைகளிலும் ஒரு பேச்சு எழும்: இலண்டனில், கனடாவில் இருக்கிற நம் பிள்ளைகள் வெளிநாட்டில் எப்படிப் பண்டிகை கொண்டாடுகிறார்கள் என்று. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். வெளிநாட்டில் இருந்துகொண்டு நத்தார் கொண்டாடுவதில் எங்கள் மலைகளுக்கு நூற்றைம்பது வருசத்துக்கு மேல் பழக்கம் இருக்கிறது. இங்கே அந்தப் பண்டிகையைக் கொண்டாடிய எல்லோருமே வேறு ஊர்க்காரர்கள்தான். தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் கடல் தாண்டி வந்தவர்கள். எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்து வந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடக்க, மிஞ்சியவர்கள் வந்து சேர்ந்த மலை இது.

நுவரெலியாவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தைப் பார்க்காமல் போவதில்லை. 1852இல் கொழும்பின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் ஜேம்ஸ் சாப்மன் அதைப் பிரதிஷ்டை செய்தார். எங்கள் பக்கத்தில் 1878இல் திறந்த வார்லி கிறிஸ்து தேவாலயம் இருக்கிறது, கருங்கல் கட்டடம். காசல்ரீ நீர்த்தேக்கம் பின்னாளில் வந்தது. இப்போது தேவாலயத்து முற்றத்தில் நின்றால் தண்ணீரும் தேயிலையும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பொகவந்தலாவை செயின்ட் மேரிஸ் கல்லறையில் ஜூலியா மார்கரெட் கேமரன் கிடக்கிறார். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் புகழ்பெற்ற படப்பிடிப்பாளராகி, 1875இல் குடும்பத்தின் கோப்பித் தோட்டங்களை நம்பிக் கணவரோடு இலங்கைக்கு வந்தவர். 1879 ஜனவரியில் இங்கேயே இறந்தார். தோட்டத்துத் தமிழர்களையும் அவர் படம் எடுத்திருக்கிறார். படங்கள் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் பத்திரமாக உள்ளன. படத்தில் இருக்கிறவர்களில் அநேகம் பேருக்குப் பெயர் இல்லை.

எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. அந்தக் கல்லறைகளுக்கு முன்னால் நின்று துரைமாரின் பெயர்களை வாசிக்கிறவர்கள், அதே மலைகளில் லயம் லயமாக நடந்து வேதம் சொன்ன உபதேசியார்களைப் பற்றிக் கேட்பதேயில்லை. 1854இல் சில ஆங்கிலிக்கன் துரைமார் சேர்ந்து தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கினார்கள். பெயரே எப்படி இருக்கிறது பாருங்கள். அதற்கு வேலை செய்யத் திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டார்கள். பனங்காட்டு வெயிலில் வளர்ந்தவர்கள் இந்தக் குளிரிலும் அட்டைக் கடியிலும் மலைக்கு மலை ஏறி இறங்கியிருக்கிறார்கள். கத்தோலிக்கர்களான எங்கள் ஆட்களோ பெரும்பாலும் சொந்த ஊரிலேயே ஞானஸ்நானம் பெற்று வந்தவர்கள். ஒரு செபமாலை, ஒரு வேளாங்கண்ணி மாதா படம், அந்தோனியார் சுரூபம் என்று இடுப்பு மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். சாமியார் எப்போதாவதுதான் வருவார். அவர் வராத நத்தார் இரவுகளில் லயத்துக் காம்பராவிலேயே யாராவது மூத்தவர் முன்னே நின்று செபம் சொல்ல, மற்றவர்கள் சுவர் ஓரமாக முழங்காலில் நின்றிருக்கிறார்கள். மலையகத்து நத்தாரைக் கட்டி எழுப்பியவர்கள் இவர்கள்தான்.

லயம் என்பதை மலைநாடு பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக, சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியும், கட்டிய அறைகள். ஓர் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதைக் காம்பரா என்போம். சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்தான். பல லயங்களில் சுவர் கூரைமுகடு வரை போகாது. ஆகவே ஒரு காம்பராவில் நடக்கிற பண்டிகை அடுத்த காம்பராவுக்குத் தெரியாமல் நடக்க வழியில்லை. வடைச்சட்டி காய்வதும், பிள்ளை புதுச் சட்டைக்கு அழுவதும், செபமாலை சொல்வதும் எல்லோர் காதிலும் விழும். பண்டிகையைப் பகிர்ந்துகொள்ளும் குணம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்தக் குட்டைச் சுவரிலிருந்தும் வந்தது என்பேன்.

துரைமாரின் நத்தாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தா வாயால் வந்தது. அவர் பங்களாவில் அப்பு, அதாவது சமையற்காரர். இந்த மலைகளுக்கு வந்த துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர்கள் ஏராளம். இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் பதினாறு வயதில், 1852இல் வந்தவர். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1874இல் தேயிலை பார்க்க டார்ஜிலிங் போய் வந்ததைத் தவிர இந்தத் தீவை விட்டு அவர் வெளியே போகவில்லை. அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள்தான் ஊருக்குப் போயின. 1892இல் இறந்தபோது அவரைத் தோட்டத்து ஆட்களே கண்டி மகியாவை மயானம் வரைக்கும் சுமந்து போனார்கள் என்று சொல்வார்கள்.

ஸ்கொட்லாந்தில் நத்தார் பெரிய பண்டிகையாக இருக்கவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அது வேதத்தில் இல்லாத கொண்டாட்டம் என்று அங்குள்ள சீர்திருத்தச் சபை கருதியது. 1640இல் அந்நாட்டுப் பாராளுமன்றமே நத்தார் விடுமுறையை ஒழித்தது. டிசம்பர் 25 அங்கே பொது விடுமுறையானது 1958இல்தான். அவர்களுக்கு வருசக் கடைசி இரவுதான் பெரிது. ஹோக்மனே என்பார்கள். பன்னிரண்டு மணி அடித்த பிறகு வீட்டு வாசற்படியை முதலில் மிதிக்கிறவர் கறுத்த முடியுள்ள ஆணாக இருக்க வேண்டும், கையில் கரித்துண்டும் ரொட்டியோ கேக்கோ விஸ்கியோ கொண்டு வர வேண்டும், அப்போதுதான் வருசம் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

தாத்தாவின் துரைக்கு அந்த மலையில் கறுத்த முடியுள்ள ஆளுக்குப் பஞ்சமா? டிசம்பர் 31 இரவு தாத்தாவுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, கையில் அடுப்புக்கரியும் ரொட்டியும் கொடுத்து வெளியே நிறுத்துவாராம். மணி அடித்ததும் தாத்தா முன்வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். துரையும் துரைசானியும் எழுந்து நின்று கைகொடுப்பார்களாம். எங்கள் ஆட்களுக்கு இது விசித்திரமாகவே படவில்லை. புது வருசத்தில் முதலில் வீட்டுக்கு வருகிறவரின் கால் ராசியை நாங்களும் பார்ப்பவர்கள்தான். கைவிசேசம் யார் கையால் வாங்குவது என்று யோசிப்பவர்கள்தான். ஆனால் தாத்தா இந்தக் கதையை முடிக்கும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்: “அந்த ஒரு ராத்திரிதான் ஆயி எனக்கு முன்வாசல். மத்த நாளெல்லாம் குசினிப் பக்கத்துக் கதவுதான்.” கோபமாகச் சொல்ல மாட்டார். கேட்ட எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

பங்களாவிலிருந்து லயத்துக்கு வந்து நிலைத்தது கேக். இலங்கையில் ரிச் கேக் என்று சொல்கிற நத்தார் கேக்கைத் தமிழ்நாட்டு வாசகர்கள் தங்கள் ஊர் பிளம் கேக்கோடு ஒன்றாக்க வேண்டாம். மா கிடையாது, ரவைதான். ரவையை வறுத்துப் பட்டரில் ஊறவிட்டு, முட்டை மஞ்சட்கரு நிறையச் சேர்த்து, பொடிப் பொடியாக வெட்டிய உலர்ந்த திராட்சை, கஜு, இஞ்சித் தோசி, பூசணித் தோசி எல்லாம் கலந்து, தேன், பன்னீர், ஏலம், கறுவா, கராம்பு போட்டுச் சுடுவது. பழங்களைச் சில வாரங்களுக்கு முன்பே பிராந்தியில் ஊறப்போடுவார்கள். சுட்ட பின் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தாளில் சுற்றிக் கொடுப்பது வழக்கம். ஆங்கிலேயர், பறங்கியர், சிங்களவர் என்று பல குசினிகளில் கை மாறி வந்த பலகாரம்.

பங்களாக் குசினிக்குத் தோசியும் செரியும் கொழும்புக் கடைகளிலிருந்து ரயிலில் வந்தன. 1884இல் ஹட்டன் வரைக்கும் தண்டவாளம் வந்த பிறகு துரைமாரின் பெட்டிகள் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. எங்கள் அப்பாயி அதற்குக் காத்திருக்கவில்லை. கூரையில் காய்த்த நீற்றுப்பூசணியை வெட்டிச் சீனிப்பாகில் காய்ச்சித் தோசி செய்தார். கஜுவுக்குப் பதில் வறுத்த நிலக்கடலை. பட்டர் கால் பங்கு, மிச்சம் மாஜரின். பிராந்தி இடத்தில் தாத்தா கொண்டுவருகிற கொஞ்சம் சாராயம். அடுத்த பிரச்சினை சுடுவது. லயத்தில் விறகடுப்புத்தான் உண்டு. ஆகவே கலவையைத் தட்டில் ஊற்றி, மேலே துணி கட்டி, தலையில் வைத்துக்கொண்டு பசார் பேக்கரிக்கு நடப்பார்கள். பாண் சுட்டு முடித்த போறணையில் சூடு தணிகிற நேரம் கேக்குக்கு ஏற்றது. டிசம்பர் இருபதுக்குப் பிறகு பேக்கரி வாசலில் தட்டுகளோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தட்டு மாறாமல் இருக்க ஒவ்வொருத்தியும் ஓர் அடையாளம் வைப்பாள். எங்கள் அம்மா நடுவில் மூன்று கஜுவைச் சிலுவைபோல் பதிப்பார்.

இப்போது கேஸ் அடுப்பும் சிறிய அவணும் சில வீடுகளில் வந்துவிட்டன. செலவுதான் எட்டுவதில்லை. நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்பதற்கு வருசக்கணக்காகப் போராடி 2021இல்தான் அது கிடைத்தது. 2024இல் 1,350 ரூபாய் ஆனது. ஒரு நாள் முழுதும் கொழுந்து பறித்த கூலியில் நல்ல கஜு அரைக் கிலோ வாங்க முடியாது. அதனால் நத்தார் சீட்டு போடுகிறோம். தோட்டம் தருகிற பண்டிகை முற்பணத்தை இந்துக் குடும்பங்கள் தீபாவளிக்கு எடுக்கும், நாங்கள் நத்தாருக்கு எடுப்போம். அது பிள்ளைகளின் உடுப்புக்கே சரியாகிவிடும். கேக்குக்குச் சீட்டுத்தான் வழி.

இனி, தட்டு. மலையகத்து நத்தார் எது என்று யாராவது என்னைக் கேட்டால் தட்டு என்றுதான் சொல்வேன். இருபத்தைந்தாம் தேதி காலையில் பூசை முடிந்து வந்ததும் பிள்ளைகளுக்கு முதல் வேலை தட்டுக் கொண்டுபோவது. கேக், முறுக்கு, அதிரசம், கொக்கிஸ், இரண்டு வாழைப்பழம். மேலே ஒரு கைக்குட்டை. எங்கள் லயத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் குறைவு, மற்றெல்லாம் இந்துக்கள். தீபாவளிக்கு எங்களுக்குத் தட்டு வந்திருக்கும். நத்தாருக்கு எங்கள் முறை. வாங்குகிறவர்கள் தட்டை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகள் டிசம்பரில் அதிகம். அந்த வீடுகளுக்கு முட்டை சேர்த்த கேக் போகாது. அவர்களுக்கென்று வேறு எண்ணெயில் முறுக்கும், பயற்றம் உருண்டையும் முதல் நாளே சுட்டு எடுத்து வைப்போம். லயத்துக்குள் நத்தார் அன்று மாட்டிறைச்சி சமைக்கவே மாட்டோம், கோழிதான். இதை எந்தச் சாமியாரும் சொல்லித்தரவில்லை, எந்தக் கோயில் கமிட்டியும் கேட்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருக்கிறவளோடு காலையில் ஒரே மலையில் ஒரே நிரையில் நின்று கொழுந்து பறிக்க வேண்டும் என்கிற நினைப்பில் வளர்ந்த மரியாதை அது. கிராமத்துச் சிங்களக் குடும்பம் ஒன்று எங்களுக்குக் கித்துல் கருப்பட்டி கொண்டுவரும். ஏப்ரலில் அவர்கள் வீட்டுப் பால்சோறு எங்களுக்கு வரும். நட்சத்திரக் கூடு செய்வதிலும் இந்த உறவு உண்டு. மூங்கிலைச் சீவி, வளைத்து, டிசு தாள் ஒட்டுகிற கைவேலையை எங்கள் பையன்கள் வெசாக் கூடு கட்டுகிற சிங்களப் பையன்களிடம் கற்றார்கள். மே மாதம் எண்கோணக் கூடாக இருப்பது டிசம்பரில் ஐந்து முனை நட்சத்திரமாகிறது. நான் சின்னவளாக இருந்தபோது நட்சத்திரத்துக்குத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிற ஈயத்தாள் கிடைத்தால் அதைவிடப் பெரிய சொத்து இல்லை. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிற மாமாமாரிடம் நவம்பரிலேயே சொல்லிவைப்போம். பிறகு பெட்டி போய்த் தாள்பை வந்தது. அந்த மினுக்கமும் போயிற்று.

மாட்டுக்குடில் கட்டுவதைப் பையன்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் பிரான்சிஸ் அசிசியார் தொடங்கிவைத்த வழக்கம் அது. அங்கே மாட்டையும் கழுதையையும் உயிரோடு நிறுத்தினார். எங்கள் குடிலுக்குக் கூரை பழைய தகரம், சைப்பிரஸ் கிளை மரங்கள், பாறையில் உரித்த பாசி தரை. தகர டப்பாவில் முளைக்கவிட்ட குரக்கன் வயலாக நிற்கும். ஒரு வருசம் பையன்கள் குடிலையே லயம்போல் நீளமாகக் கட்டி, ஆறு கதவு வைத்து, நாலாவது காம்பராவில் மாதாவையும் சூசையப்பரையும் வைத்தார்கள். பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். சாமியார் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இப்படியே இருக்கட்டும்” என்றார்.

சாமியார் வருவதுதான் எப்போதும் கணக்கு. ஒரு பங்கில் பல தோட்டங்கள் இருக்கும், சாமியார் ஒருவர். ஆகையால் நடுச்சாமப் பூசை எல்லோருக்கும் நடுச்சாமத்தில் கிடைக்காது. ஒரு தோட்டத்துக்கு இருபத்துநாலாம் தேதி பின்னேரம், அடுத்ததற்கு ஏழு மணி, பிறகு பசார் கோயிலில் நள்ளிரவு, மற்றத் தோட்டங்களுக்கு விடிந்த பிறகு. மழைக்காலம் வேறு. பள்ளத்து ரோட்டில் ஜீப் சிக்கினால் பிள்ளை யேசு எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் பிறப்பார். அந்த நேரம் முழுதும் பாட்டுத்தான், தூங்கி விழுகிற பிள்ளைகளைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு.

இந்தப் பண்டிகையை இரண்டாகக் கிழித்தது அரசியல். 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இலங்கை விழுந்தது, அவருடைய தங்கைக்கு இந்தியா. அத்தை 1970களின் தொடக்கத்தில் பெட்டி கட்டினார். ஹட்டனில் ரயில் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டம். பிறந்ததிலிருந்து பார்த்தே இராத ஒரு நாட்டுக்குத் “தாயகம் திரும்பியவர்” என்ற பெயரோடு போனார்.

அவர் அங்கே போய்ச் சேர்ந்த வருசத்து நத்தாருக்கு எழுதிய கடிதம் அம்மாவின் பெட்டியில் வெகுகாலம் இருந்தது. இங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள், அங்கே அவரைச் சிலோன்காரி என்றார்கள். குளிர் ஒன்றுதான், தேயிலை ஒன்றுதான், கூடைதான் வேறு மாதிரி என்று எழுதியிருந்தார். போறணை தேடி அலைந்து கிடைக்காமல், பெரிய சட்டியில் ஆற்றுமணலை நிரப்பிச் சூடாக்கி, அதற்குள் தட்டை வைத்து மேலே தணல் போட்டு ரிச் கேக் சுட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தில் திருநெல்வேலிக்காரர்கள், படகர்கள், கேரளத்துக்காரர்கள். யாருக்கும் ரவையில் கேக் செய்வது தெரியாது. தட்டை வாங்கிக்கொண்டு வெறுமனே திருப்பித் தந்துவிட்டார்கள் என்று முதல் வருசம் குறைப்பட்டிருந்தார். அடுத்தடுத்த வருசங்களின் கடிதங்களில் அந்தக் குறை இல்லை. கோத்தகிரியில் இருக்கிற அத்தையின் பேரப்பிள்ளைகள் இன்றும் ரவைக் கேக்தான் சுடுகிறார்கள். அதை அவர்கள் ஊரில் சிலோன் கேக் என்கிறார்களாம்.

இப்போது போகிறவர்கள் வேறு திசையில் போகிறார்கள். கொழும்புக் கடைகளுக்குப் பையன்கள் போவது பழைய கதை. இருபத்துநாலாம் தேதி பதுளை ரயிலில் தொங்கிக்கொண்டாவது வந்துவிடுவார்கள். வளைகுடாவுக்குப் போகிற பெண்கள் அப்படி வர முடியாது. குடியுரிமையும் அடையாள அட்டையும் கையில் வந்த பிறகுதான் எங்கள் பெண்களுக்குக் கடவுச்சீட்டு எடுக்க வழி பிறந்தது. 2003இன் சட்டம் மிச்சமிருந்தவர்களின் நாடற்ற நிலையையும் முடித்துவைத்தது. உரிமை கிடைத்ததும் அதைக்கொண்டு நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று என்பதை நினைக்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது. என் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் அம்மா வெளிநாட்டில் என்று சொல்கிறவர்கள் வருசா வருசம் கூடிக்கொண்டே வந்தார்கள். நத்தாருக்குப் பார்சல் வரும். சட்டை நல்ல துணியாக இருக்கும், அளவு மட்டும் சிறியதாக இருக்கும். அம்மா மனதில் வைத்திருந்த உயரத்தைப் பிள்ளை அதற்குள் தாண்டியிருக்கும். வீடியோ அழைப்பும் சொக்லட்டும் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தாயைப் பல வருசம் சேர்ந்தாற்போல் பிரித்துவைக்கிற வாழ்க்கையைச் சாதாரணம் என்று நாம் பழகிக்கொள்ளக் கூடாது. தோட்டத்துக் கூலி வாழப் போதுமானதாக இருந்தால் இவர்களில் பாதிப் பேர் போகவே மாட்டார்கள்.

என் அண்ணன் மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பிள்ளைகள் இருவர் எங்களிடம் வளர்கிறார்கள். அங்கே டிசம்பர் 25 விடுமுறை இல்லை. வீட்டு வேலைக்காரர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2015இல் அங்கே சட்டம் வந்தது. அந்த நாளைக் கேட்டு வாங்குகிற தைரியம் வர அவளுக்கு நெடுநாள் பிடித்தது. குவைத் நகரில் திருக்குடும்பப் பேராலயம் இருக்கிறது. வெள்ளி அங்கே விடுமுறை என்பதால் ஞாயிறு கடனை வெள்ளியிலேயே தீர்த்துக்கொள்கிறார்கள். தமிழ்ப் பூசையில் நாகர்கோவில்காரர், மன்னார்காரர், எங்கள் மலையகத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்களாம். “அத்த, சாமியார் எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. ஹட்டன்னு சொன்னதும் பின்னாலருந்து நாலு பேரு எந்திரிச்சாங்க” என்றாள் ஒருமுறை. அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை எந்தப் பார்சலிலும் அனுப்ப முடியாது.

குவைத் நேரம் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் பிந்தியது. இங்கே நடுச்சாமப் பூசை தொடங்கும்போது அங்கே இரவு ஒன்பதரை. பாத்திரம் கழுவி முடிக்கிற நேரம் அவளுக்கு. எங்கள் கோயிலடியில் சிக்னல் சரியாக வராது. ஆகையால் அவளுடைய மூத்தவன் கோயிலுக்கு மேலே உள்ள ரோட்டு வளைவில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மணிச் சத்தமும் பாட்டும் மட்டும் அவளுக்குக் கேட்கும். படம் அடிக்கடி நின்றுவிடும். குளிருகிறது உள்ளே போ என்று அவள் சொல்வாள். அவன் போக மாட்டான்.

அவள் இருக்கும் தெருவில் பிலிப்பைன்ஸ் பெண்கள் நிறைய. அவர்களுக்கு நத்தார் டிசம்பர் 16இலேயே தொடங்கிவிடுகிறது. ஒன்பது நாள் சிம்பாங் கபி என்ற விடியற்காலைப் பூசை. நான் அதைக் கேட்டதும் எங்கள் மார்கழி பஜனையைத்தான் நினைத்தேன், குளிரில் இருட்டோடு எழும்புகிற பழக்கம் கடலுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறதே என்று. பரோல் என்று மூங்கிலிலும் தாளிலும் நட்சத்திரக் கூடு கட்டுவதும் அவர்கள் வழக்கம். பக்கத்து வீட்டுத் தோழி பரோல் செய்யக் குச்சி இல்லாமல் தவித்தபோது எங்கள் பிள்ளை பழைய துணி மாட்டிகளை நிமிர்த்திச் சட்டம் கட்டிக் கொடுத்தாளாம். கோவாப் பெண் ஒருத்தி குஸ்வார் என்று தன் ஊர் நத்தார்ப் பலகாரங்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். வாங்கிய தட்டில் என்ன போட்டுத் திருப்புவது என்று இவள் எனக்குத்தான் போன் எடுத்தாள். சீனி போடு என்றேன். அந்தக் கோவாக்காரிக்கு விசயம் புரியவில்லை. விளக்கிச் சொன்ன பிறகு அழுதாளாம், அவள் பாட்டி வீட்டிலும் தட்டை வெறுமையாக அனுப்ப மாட்டார்களாம்.

போன வருசம் அவள் கேக் சுட்டாள். வீட்டு அம்மா அவணைப் பாவிக்க விட்டார். நீற்றுப்பூசணி இந்தியக் கடையில் கிடைத்தது. தோசி செய்கிற பக்குவத்தைக் குரல் செய்தியாக அனுப்பினேன்: சுண்ணாம்புத் தெளிவில் ஊறவை, நாலு தண்ணீரில் கழுவு, சீனிப்பாகு கம்பிப் பதம் வந்த பிறகு போடு, அவசரப்படாதே. பழம் ஊறப்போட பிராந்திக்கு வழியில்லை. குவைத்தில் மது தடை. அவள் யோசித்து, நாங்கள் அனுப்பிய நம்ம ஸ்டோர்த் தேயிலையைக் கடுஞ்சாயமாகக் காய்ச்சி அதில் திராட்சையையும் பேரீச்சையையும் மூன்று நாள் ஊறவிட்டிருக்கிறாள். நிறம் கறுப்பாக, மணமாக வந்ததாம். பிலிப்பைன்ஸ் தோழிக்கு, கோவாக்காரிக்கு, வீட்டு அம்மாவுக்கு என்று தாளில் சுற்றிக் கொடுத்தாள். மது இல்லாத கேக் என்பதால் அந்த வீட்டு டிரைவரும், வங்காளதேசத்துக்காரர், தயக்கமில்லாமல் இரண்டு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த வருசம் டிசம்பர் தொடக்கத்திலேயே அவர் கேட்டுவிட்டாராம். அதனால் அரைக் கிலோ தேயிலை கூடுதலாக அனுப்பச் சொல்லியிருக்கிறாள். ஹட்டனுக்குப் போகிறவர்களிடம் நாளைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.